தி வேவ் போகணுமா? பர்மிட்ல ஆரம்பிச்சு திரும்ப கார் வந்து சேர்ற வரைக்கும்

அரிசோனா-யூட்டா பார்டர்ல செவப்பும் மஞ்சளுமா கோடு போட்டு அலை மாதிரி வளைஞ்சு கிடக்கிற பாறை போட்டோ எல்லாரும் பாத்திருப்பீங்க. அதுதான் தி வேவ், பர்மிட்ல கொயோட்டி பியூட்ஸ் நார்த்னு இருக்கும். முன்னாடி ஒரு நாளைக்கு 20 பேரைத்தான் விட்டாங்க, 2021-ல 64 ஆக்கிட்டாங்க. அதுக்கப்புறமும் லாட்டரிதான்.

ரிக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) சைட்ல ரெண்டு விதமா போடலாம். நாலு மாசம் முன்னாடி போடுறது ஒண்ணு, செப்டம்பருக்கு மே மாசம் அப்ளை பண்ணணும், மூணு தேதி வரைக்கும் குடுக்கலாம். ஒரு தடவை போட 9 டாலர், விழலன்னா அந்தக் காசு போச்சு, விழுந்தா ஆளுக்கு 7 டாலர் தனி. நான் ரெண்டு தடவ போட்டேன், ரெண்டுமே போச்சு.

அடுத்தது டெய்லி லாட்டரி. நான் சொதப்புனது இங்கதான், அதனால கொஞ்சம் இழுத்தே சொல்றேன். இதை வீட்ல உக்காந்து போட முடியாது, போன்ல லொக்கேஷன் ஆன் பண்ணிட்டு கனாப், பேஜ், ஃப்ரெடோனியாங்கிற ஊர் இருக்கிற ஏரியாவுக்குள்ள நின்னுதான் போடணும். நாங்க சயான் நேஷனல் பார்க் பக்கம் ஸ்பிரிங்டேல்ல ரூம் போட்டுட்டு, கிட்டக்கதானேன்னு காலைல இட்லி மாவு இல்லாத குறைக்கு பிரட்டைக் கடிச்சுக்கிட்டே ஆப்பைத் திறந்தா, நீ எல்லைக்கு வெளிய இருக்கன்னு சொல்லுது! அடிச்சுப் புடிச்சு கனாப் போய் ரோட்டோரம் வண்டிய நிறுத்திப் போட்டோம், சாயங்காலம் பாத்தா விழுந்திருக்கு.

விழுந்த சந்தோஷத்துல நாளைக்கே கெளம்பலாம்னு நினைக்காதீங்க. திங்கக்கிழமை போட்டா பர்மிட் புதன்கிழமைக்குத்தான், நடுவுல செவ்வாய் காலைல நேர்ல போய் சேஃப்டி பிரீஃபிங் கேட்டு பேப்பரை வாங்கணும். அதனால குறைஞ்சது மூணு ராத்திரி அங்க தங்குற மாதிரி ப்ளான் பண்ணுங்க, எங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட்ட மாத்தவே தனியா செலவாச்சு.

அடுத்த கூத்து டைம். கோடைல யூட்டா கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, அரிசோனா தள்ளாது. ஃப்ரெடோனியா அரிசோனா, கனாப் யூட்டா, நடுவுல ஏழு மைல்தான். நாங்க ஃப்ரெடோனியால தூங்கி எந்திரிச்சு, இன்னும் நேரம் கெடக்கேன்னு நிதானமா காபி குடிச்சிட்டு கனாப்குள்ள நுழைஞ்சா போன் டப்புனு ஒரு மணி நேரம் தாவுது. ஓடிப்போய் அந்த பிரீஃபிங்குக்கு கடைசி ஆளா உள்ள நுழைஞ்சோம். போன்ல ஆட்டோமேட்டிக் டைம ஆஃப் பண்ணிட்டு யூட்டா டைம நீங்களே செட் பண்ணிடுங்க.

ரோடு: ஹைவே 89-ல இருந்து ஹவுஸ் ராக் வேலி ரோடு எட்டு மைல் சொச்சம் மண் ரோடு, நடை ஆரம்பிக்கிற வயர் பாஸ்ல பார்க்கிங். அங்க ஒரு டாய்லெட் இருக்கு, அதுக்கப்புறம் எதுவும் கிடையாது. மழை பேஞ்சா அந்த களிமண் வெண்ணெய் மாதிரி வழுக்கும், ஃபோர் வீல் வண்டியே மாட்டிக்கும். முந்தின நாள் மழைன்னா விசாரிக்காம எறங்காதீங்க.

நடை போக வர ஆறரை மைல் கிட்ட, ஆனா பாதைன்னு ஒண்ணு இல்ல. முதல்ல காஞ்ச ஓடையில அரை மைல், அப்புறம் வலது பக்கம் மணல் மேட்டுல ஏறணும். அதை விட்டுட்டு ஓடையோடவே போனா பக்ஸ்கின் கல்ச்ங்கிற வேற பள்ளத்தாக்குப் பக்கம் கொண்டு போய் விட்டுடும். பர்மிட்டோட போட்டோ போட்ட ஒரு வழிகாட்டி பேப்பர் குடுப்பாங்க, என்னைக் கேட்டா எந்த ஆப்பை விடவும் அதான் பெஸ்ட். கயா ஜிபிஎஸ்ங்கிற ஆப்ல மேப்பை டவுன்லோடும் பண்ணி வச்சிருந்தேன், கூகுள் மேப்ஸ மட்டும் நம்பிப் போகாதீங்க, சிக்னலே இருக்காது. தூரத்துல மலைமேல நேரா கீறின மாதிரி ஒரு கருப்பு வெடிப்பு தெரியும், அதுக்குக் கீழதான் வேவ்.

போறப்ப பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ திரும்பி நின்னு பின்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. திரும்பி வர்றப்ப பாறை எல்லாம் வேற மாதிரி தெரியும், நாங்க அரை மணி நேரம் ஒரே குன்றையே சுத்தினோம், அந்த போட்டோதான் காப்பாத்துச்சு. தண்ணி ஆளுக்கு நாலு லிட்டர், குறைக்காதீங்க. சாப்பாட்டுக்கு புளியோதரை எடுத்துக்கோங்க, தயிர் சாதம்னா அந்த வெயில்ல புளிச்சிடும். போட்டோவுக்கு உச்சி வெயில்தான் நல்லது, நிழல் விழாது.

அப்டேட்: ரெண்டு பேர் கேட்டாங்க. கைக்குழந்தையும் ஒரு ஆள் கணக்குதான், குரூப்ல மொத்தம் ஆறு பேருக்கு மேல கூடாது. நாய் கூட்டிட்டுப் போகலாம், அதுக்கும் 7 டாலர்.