இயங்கலை (ஆன்லைன்) படிப்பில் மாற்றுத்திறன் மாணவர்: ஏற்பாடு கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பட்டணத்தைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து உயர்கல்விக்குப் போகும் மாற்றுத்திறன் பிள்ளைகளில் சிலர், விடுதியும் பேருந்தும் படுத்தும் பாட்டுக்கு அஞ்சியே இயங்கலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கின்றனர். வீட்டிலிருந்தபடியே பட்டம் வாங்கலாம் என்பதே பெரிய சலுகை, இதற்கு மேல் கல்லூரியிடம் என்ன கேட்பது என்று பெற்றோரும் எண்ணிவிடுகின்றனர். முதல் தவறு இந்த எண்ணம்தான். சக்கர நாற்காலியில் செல்பவருக்கு மாடிப்படி இல்லாத வகுப்பு கிடைத்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் பார்வையற்றவருக்குப் படமாக வந்து சேரும் பாடக்குறிப்பும், செவித்திறன் குறைந்தவருக்கு வசன வரி இல்லாத காணொளியும், எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே நேரம் பிடிக்கும் டிஸ்லெக்சியா மாணவருக்குக் கடிகாரம் ஓடும் குறுந்தேர்வும் வீட்டுக்குள்ளேயே வந்து வழிமறிக்கின்றன.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தின் பின்னறையில் இத்தகைய மாணவர்களோடு உட்கார்ந்து கடிதம் எழுதுவதும் விண்ணப்பப் பாரம் நிரப்புவதும் ஓய்வுபெற்ற ஆசிரியையான எனக்கு வழக்கமாகிவிட்டது. அங்கே திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

"சலுகை" என்ற சொல்லையே கடிதத்திலிருந்து முதலில் எடுத்துவிடச் சொல்வேன். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின், அதாவது 685ஆம் சட்டத்தின், 28ஆம் பிரிவு, அரசாங்கமும் தனியார் கல்வி நிறுவனங்களும் மாற்றுத்திறன் மாணவர்கள் கல்வியைத் தொடர்வதற்கு ஏற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்று கூறுகிறது. கட்டடம் மட்டுமன்றி கருவிகள், பாடப்பொருள்கள், கற்பிக்கும் முறை ஆகியவையும் அதில் அடங்கும். எனவே கேட்பது தயவு அன்று. அதே வேளையில், இந்தச் சட்டத்தை மீறினால் இன்ன தண்டனை என்று அதில் விதிக்கப்படவில்லை என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, தானாக நடந்துவிடும் என்று காத்திருப்பவருக்குக் கடைசியில் கையில் எதுவும் இருப்பதில்லை. எழுதிக் கேட்டவரிடமாவது ஒரு சான்று இருக்கும்.

அடுத்தது அட்டையைப் பற்றிய குழப்பம். மாற்றுத்திறனாளி எனப் பதிவு செய்தவர்களுக்குச் சமூகநல இலாகா வழங்கும் ஓகேயூ அட்டை இருந்தால் கல்லூரி எல்லாவற்றையும் தானே செய்துவிடும் என்று ஒரு சாரார் நம்புகின்றனர்; அட்டை இல்லையென்றால் வாயைத் திறக்கவே கூடாது என்று மறு சாரார் ஒதுங்கிவிடுகின்றனர். இரண்டும் தவறு. உயர்கல்வி அமைச்சு மாற்றுத்திறன் மாணவர்களுக்குத் தரும் நிதியுதவி போன்றவற்றுக்கு அட்டை வேண்டும் என்பது சரி. ஆனால் அட்டை எண்ணைப் பதிவுப் பாரத்தில் எழுதிவிட்டதனால் அந்தச் செய்தி ஒவ்வொரு விரிவுரையாளரின் மேசைக்கும் போய்ச் சேர்ந்துவிடாது. அட்டை இல்லாதவர் நிலையைப் பார்ப்போம். இலாகாவின் பதிவில் செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகைக் குறைபாடு என ஏழு பிரிவுகள் உள்ளன. மனநலப் பிரிவில் பதிவு பெறக் குறைந்தது 2 ஆண்டுகள் மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். முதலாண்டில் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கத் தொடங்கிய ஒரு மாணவிக்கு இப்போது அட்டை கிடைக்காது. கை முறிந்து மூன்று மாதம் மாவுக்கட்டோடு இருப்பவருக்கும் கிடைக்காது. இவ்விருவருக்கும் தடை இருப்பதில் ஐயமில்லை. மருத்துவரின் கடிதத்தை இணைத்து இவர்களும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அட்டைக்கு விண்ணப்பித்திருப்பவர்கள், கோலாப்பிலாவிலோ சிரம்பானிலோ நிபுண மருத்துவரைப் பார்க்க நாள் கிடைக்கும்வரை கல்லூரிக்கு எழுதாமல் காத்திருப்பது செமஸ்டரில் பாதியை விழுங்கிவிடும்.

எழுதுகிறார்களே, அந்தக் கடிதத்தில்தான் பெரிய பிழை. பெரும்பாலும் அது நோயைச் சொல்கிறது, தடையைச் சொல்வதில்லை. "எனக்குப் பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உள்ளது, எனவே தயவுசெய்து உதவவும்" என்று ஒருவர் எழுதினால், படிக்கும் விரிவுரையாளர் இரக்கப்படுவார். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர் எதை மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. "திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் கொண்டு நான் படிக்கிறேன். மூன்றாம் வாரக் குறிப்பு ஸ்கேன் செய்யப்பட்ட படமாக இருப்பதால் என் கருவியால் அதைப் படிக்க முடியவில்லை. அதன் மூலக் கோப்பை வோர்ட் வடிவில் வகுப்புக்கு இரண்டு நாள் முன்னதாக அனுப்ப வேண்டுகிறேன்" என்று எழுதினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நோயின் பெயரைக் கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவுக்கு மட்டும் தெரிவித்துவிட்டு, விரிவுரையாளருக்குத் தடையையும் தேவையையும் மட்டும் எழுதினாலே பல இடங்களில் போதும். தன் மருத்துவ வரலாறு முழுவதையும் ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் ஒப்புவிக்கும் கடமை மாணவருக்கு இல்லை என்பது என் கருத்து.

கூடுதல் நேரம் என்பது எல்லாரும் கேட்பது, பலருக்கும் அனுமதியாவது, ஆனால் செயலில் மிக அதிகமாகச் சறுக்குவது. காரணம் எளியது. இயங்கலைத் தேர்வில் நேரத்தை எண்ணுவது மனிதர் அன்று, மென்பொருள். அனுமதிக் கடிதத்தில் "ஒன்றரை மடங்கு நேரம்" என்று கையொப்பம் இட்டிருந்தாலும், மூடுல் போன்ற இயங்கலைக் கற்றல் தளத்தில் விரிவுரையாளர் அந்த மாணவரின் பெயருக்குத் தனி நேரத்தை அமைக்காவிட்டால் கடிகாரம் மற்றவர்களுக்கு ஓடுவதைப் போலவே ஓடும். அப்படி அமைத்த நேரமும் அந்த ஒரு குறுந்தேர்வுக்கு மட்டுமே உரியது. அடுத்த வாரம் புதிய குறுந்தேர்வு திறக்கும்போது மீண்டும் அமைக்க வேண்டும். விரிவுரையாளர்கள் இதை மறப்பது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அன்று.

என்னிடம் வரும் மாணவி ஒருத்தி ஒரு கையால் மட்டுமே தட்டச்சு செய்பவள். 40 நிமிடத் தேர்வுக்கு அவளுக்கு 60 நிமிடம் தர அனுமதி இருந்தது, விரிவுரையாளரும் மறவாமல் 60 என்று மாற்றியிருந்தார். ஆனால் தேர்வு இரவு 8.00 மணிக்குத் திறந்து 8.45க்கு மூடும்படி இருந்ததை எவரும் கவனிக்கவில்லை. மூடும் நேரம் வந்ததும், அவளுக்கு இன்னும் 15 நிமிடம் மிச்சம் இருக்க, திரை அவள் விடைகளைத் தானே ஒப்படைத்துவிட்டது. "டீச்சர், நான் பட்டனைத் தொடவே இல்லை" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) அழுதுகொண்டே குரல் அனுப்பினாள். நேர வரம்பு வேறு, மூடும் நேரம் வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கடிதத்திலேயே குறிப்பிடாதது எங்கள் தவறு. அதன்பின் ஒவ்வொரு குறுந்தேர்வுக்கும் இரண்டு நாள் முன்னதாகவே அவள் தேர்வுப் பக்கத்தைத் திறந்து, தொடங்கும் பொத்தானை அழுத்தாமல், அங்கே எழுதியிருக்கும் நேர வரம்பும் மூடும் நேரமும் சரியா என்று பார்த்து, திரையைப் படம்பிடித்து வைக்கிறாள். தவறிருந்தால் அந்தப் படத்தை இணைத்து மின்னஞ்சல் அனுப்புகிறாள். தேர்வு முடிந்த பிறகு முறையிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பாடக்குறிப்புகளுக்கு வருவோம். ஒரு பிடிஎஃப் கோப்பு பார்வையற்றவருக்குப் பயன்படுமா என்று அறிய நிபுணர் தேவையில்லை. கோப்பைத் திறந்து ஒரு சொல்லின்மீது விரலை வைத்து அதைத் தேர்ந்தெடுக்க முயலுங்கள். சொல் தனியாக நிறம் மாறினால் அங்கே எழுத்து இருக்கிறது. பக்கம் முழுவதும் ஒரே படமாக அசையாமல் நின்றால் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள்தான். எழுத்து இருந்தும் பயனில்லாத ஒரு வகை நம் மொழிக்கே உரியது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்புகள் கண்ணுக்கு அழகிய தமிழாகத் தெரியும்; கருவியோ அதன் அடியில் உள்ள ஆங்கிலக் குறியீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக உளறும். தமிழை ஒரு பாடமாக எடுத்திருக்கும் மாணவர் "படிக்க முடியவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "யூனிகோடு எழுத்துருவில் வேண்டும்" என்று சொல்ல வேண்டும். பொருளாதாரத்தில் தேவை, அளிப்பு வரைபடம் போன்றவற்றுக்கு அதன் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே வெட்டிக்கொள்கிறது என்பதைச் சொற்களில் எழுதித் தரும்படி கேட்கலாம். இதற்கிடையே, விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமல் படிக்கவே முடியாது என்று கடன் வாங்கும் குடும்பங்களையும் பார்க்கிறேன். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பு வசதி பெரும்பாலும் முன்பே இருக்கிறது. முதலில் இவற்றில் பழகிப் பார்த்துவிட்டுப் பிறகு செலவைப் பற்றி யோசிக்கலாம்.

செவித்திறன் குறைந்த மாணவர்கள் தானியங்கி வசன வரி இருக்கிறதே என்று அமைதியாக இருந்துவிடுவதும் தவறு. நம் விரிவுரையாளர்கள் ஒரே வாக்கியத்தில் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுபவர்கள். கருவி ஒரு மொழியை எதிர்பார்த்து மறு மொழியைக் கேட்கும்போது திரையில் வருவது பொருளற்ற சொற்குவியல். பதிவு செய்த விரிவுரைக்குத் திருத்திய வசன வரியோ எழுத்துப்படியோ கேட்க வேண்டும். மலேசியச் சைகைமொழியை 685ஆம் சட்டம் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்கிறது. சைகைமொழி பெயர்ப்பாளர் கிடைத்துவிட்டால், ஸூம் வகுப்பில் விரிவுரையாளர் தம் திரையைப் பகிர்ந்தவுடன் பெயர்ப்பாளரின் முகம் அஞ்சல்தலை அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட முகங்களைத் திரையில் நிலைநிறுத்தும் உரிமையை அந்த மாணவருக்கு வகுப்பை நடத்துபவர்தான் வழங்க முடியும். வகுப்பு தொடங்கும் முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும்.

தேர்வுக் கண்காணிப்பு மென்பொருளைப் பற்றி ஒரு சொல். கேமராவை நேரே பார்க்காத கண், அடிக்கடி அசையும் தலை, அறையில் கேட்கும் இன்னொரு குரல் ஆகியவற்றை அது சந்தேகமாகக் குறிக்கக்கூடும். பிற செயலிகளை அடைத்துவிடும் தேர்வு உலாவிகள் சிலவற்றில் திரைவாசிப்பானே இயங்காமல் போகலாம். இதைத் தேர்வு நாளன்று கண்டுபிடிப்பவர்கள் பலர். மாதிரித் தேர்வு ஒன்றை முன்கூட்டியே கேட்டு, தம் கருவிகளோடு உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

தோட்டப்புறத்துக்கே உரிய இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பிள்ளைக்காக அப்பாவோ அண்ணனோ பேசுவது. அம்மா விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் அழைத்து முக்கால் மணி நேரம் கண்ணீரோடு பேசியிருப்பார். பிள்ளை எந்தப் பாடத்தில் எதைக் கேட்கிறது என்பது அந்த உரையாடலில் வந்திருக்காது, எழுத்திலும் எதுவும் மிஞ்சாது. பதினெட்டு வயதைத் தாண்டிய மாணவர் தம் பெயரில், தம் மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டும். தட்டச்சு கடினமென்றால் குரலால் எழுதலாம், அருகில் ஒருவர் உட்கார்ந்து உதவலாம். பேசியே ஆக வேண்டிய நிலை வந்தால், பேசி முடித்த அன்றே "இன்று தொலைபேசியில் நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும்.

இரண்டாவது, இணையத் தொல்லையையும் உடற்குறையையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. லயத்து வீட்டில் மழைக்கு லைன் போய்விடுவது எல்லா மாணவருக்கும் உள்ள சிக்கல். அதற்குக் கல்லூரியில் வேறு நடைமுறை இருக்கும். "லைன் இல்லை, கரண்டும் போய்விட்டது, எனக்குக் கண்ணும் சரியில்லை" என்று எழுதினால் படிப்பவர் மூன்றையும் சாக்காகவே பார்ப்பார். தனித்தனி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

விரிவுரையாளர்கள் தரப்பிலும் தவறு உண்டு. இடுபணி ஒப்படைக்கும் நாளை நீட்டித்த செய்தியை வகுப்பின் புலனக் குழுவில் பெயரோடு போடுவதும், "எல்லாருக்கும் ஒரே விதி" என்று மறுப்பதும் அவற்றில் சில. கூடுதல் நாள் பெறும் மாணவரின் இடுபணியும் அதே அளவுகோலால்தான் திருத்தப்படுகிறது. நேரம் மாறுகிறதே தவிர, கேள்வியின் கடினம் மாறுவதில்லை.

கடைசியாக, ஒருமுறை கிடைத்த ஏற்பாடு பட்டம் வாங்கும்வரை நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கை. செமஸ்டர் மாறினால் பாடம் மாறும், விரிவுரையாளர் மாறுவார், தளத்தில் அவர் அமைத்தவை எல்லாம் பழைய பாடத்தோடு நின்றுவிடும். அனுமதிக் கடிதம், முந்தைய மின்னஞ்சல்கள், திரையைப் படம்பிடித்து வைத்தவை, எந்த ஏற்பாடு பயன்பட்டது, எது பயன்படவில்லை என்ற அரைப்பக்கக் குறிப்பு ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் வைத்திருப்பவர், பாடப்பதிவு முடிந்த அன்று மாலையே புதிய விரிவுரையாளர்களுக்குத் தனித்தனியாக அனுப்பிவிடலாம். ஒரு வாரத்துக்குள் பதில் வரவில்லையென்றால் அதே மின்னஞ்சலை மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவுக்கும் நகலிட்டு மறுபடி அனுப்ப வேண்டும். முதல் குறுந்தேர்வு பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வாரத்திலேயே வந்துவிடும்.