விமானத் தாமதத்துக்கு இழப்பீடு வாங்கியது எப்படி: என் அனுபவம்

நானும் என் மனைவியும் அமெரிக்கக் குடிமக்கள். வேலைக்காக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். மாமியார் வீடு சிகாகோவில். அவரைப் பார்க்கக் கிளம்பியபோது பிராங்பர்ட் போகும் முதல் விமானம் தாமதமாகி, அங்கே ஏற வேண்டிய விமானம் போய்விட்டது. சிகாகோ போய்ச் சேர மறுநாள் ஆனது. தாமதத்துக்குக் காரணம் விமானத்தில் வந்த பழுது, அது தன் கையில் இல்லை என்று விமான நிறுவனம் ஒரு தள்ளுபடிக் கூப்பனை நீட்டியது.

நான் வாங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியைத் தேடிப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் அது பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், கடைசி ஊரை 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்தால் ஆளுக்கு 600 யூரோ. ஆனால் இரண்டு விமானமும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மோசமான வானிலை என்றால் பணம் கிடையாது. சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு அதற்குச் சமமல்ல என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது.

விதி எண்ணைக் குறிப்பிட்டு, போர்டிங் பாஸ் நகலுடன் எழுதினேன். பதிலே இல்லை. சரி என்று இரண்டு மாதம் பொறுத்து, ஜெர்மனியில் பயணிகளுக்காக உள்ள சமரச அமைப்பிடம் ஆன்லைனில் புகார் கொடுத்தேன். நமக்குக் கட்டணம் கிடையாது. அப்புறம்தான் முழுத் தொகையும் வந்தது.

இப்போது திரும்பி வருவதற்கு ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்தின் விமானத்தையே பார்த்து எடுக்கிறோம். அமெரிக்காவில் கிளம்பும் விமானங்களில் அவர்களுடையதற்கு மட்டுமே இந்த விதி செல்லும்.