பொத்துவில் பஸ் ஏறுமுன் அலையை வாசியுங்கள்

ஆடி பிறக்குமுன்பே, அலைச்சறுக்கில் பைத்தியமான என் தம்பியின் பிள்ளைகள் அலை முன்னறிவிப்புக் காட்டும் கைத்தொலைபேசித் திரையைப் படமெடுத்து அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். "மாமி, அறுகம்பேயில் 1.4 மீற்றர் காட்டுகிறது, வெளிக்கிடலாமா?" அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? அதே 1.4 மீற்றரில் ஒரு நாள் கடல் அள்ளிக் கொடுக்கும். இன்னொரு நாள் சறுக்குப் பலகையைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் கரையில் குந்தியிருக்க வேண்டியதுதான். அறுகம்பேக்குப் பக்கத்து ஊரான பொத்துவில் யாழ்ப்பாணத்திலிருந்து நானூறு கிலோமீற்றருக்கு மேல். இரவெல்லாம் முழங்காலை மடக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கி, கலங்கிக் குழம்பிய கடலைப் பார்த்தால் யாரை நோவது? நான் நெல்லியடியில் கணக்குப் படிப்பிக்கிறவள். எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது தொழிற்பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வியை முடித்துவிடுவோம். "கசூரினா பக்கத்திலேயே இருக்கிறதே, ஏன் அவ்வளவு தூரம்?" காரைநகர்க் கசூரினாவில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கடல் கிடையாது. பலகைக்கு அது உதவாது. தெற்குச் சமுத்திரத்திலிருந்து வரும் அலைகளை முழு இலங்கையும் குறுக்கே நின்று மறிக்கிறது. மன்னார்ப் பக்கத்தால் நுழையப் பார்ப்பவற்றை இராமர் அணைத் திட்டுகள் உடைத்துவிடுகின்றன. வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரைகளில் வருகிற சிற்றலையும் முருகைக்கல் பாரில் நொருங்கிவிடும். முனையைத் தாண்டி மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில் என்று வடமராட்சி கிழக்கில் இறங்கினால்தான் வங்காள விரிகுடாவின் அலையைக் காணலாம். அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

அலை முன்னறிவிப்பில் எல்லோரும் முதலில் பார்ப்பது உயரத்தை. நீங்கள் அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது செக்கன் கணக்கு: ஓர் அலையின் முகடு போய் அடுத்த முகடு வர எடுக்கும் நேரம். விண்டி போன்ற செயலிகளில் உயரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 13, 14 என்று கிடப்பது அதுதான். ஐந்து, ஆறு, ஏழு செக்கன் என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. ஒழுங்கில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். பன்னிரண்டுக்கு மேல் என்றால் அது தூரத்தில் பிறந்து, வரும் வழியிலேயே தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்ட அலை.

எவ்வளவு தூரம் என்று கேட்டால், நாற்பது, ஐம்பது பாகை தென் அகலாங்குகளில் சுழலும் குளிர்காலப் புயல்களிலிருந்து. அறுகம்பேக்கு அங்கிருந்து ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீற்றர். அலைக்கூட்டம் மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர் நகரும் என்று அறியச் செக்கனை 2.8 ஆல் பெருக்குங்கள். 15 செக்கன் அலைக்கு 42 வரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர். ஆகவே இன்றைக்கு அங்கே புயல் அடித்தால் அலை இங்கே வர ஐந்தாறு நாட்கள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் அலையைச் செவ்வாய்க்கிழமையே நம்பலாம் என்பது இதனால்தான். அது ஏற்கெனவே பிறந்து வழியில் வந்துகொண்டிருக்கிறது. காற்றை அப்படி நம்ப முடியாது. அதற்கு இரண்டு நாள் கெடுதான்.

நீண்ட செக்கன் அலைகளே முதலில் வந்து சேரும், அவை வேகமானவை. முதல் நாளில் 18 செக்கன், அரை மீற்றர் என்று காட்டினால் "அரை மீற்றர்தானே" என்று தள்ளிவிடாதீர்கள். அது முன்னோடி. அடுத்த நாள் செக்கன் 15, 14 என்று இறங்க, உயரம் ஏறும். பஸ் டிக்கெட் எடுக்க வேண்டியது அந்த நாளுக்கு.

செக்கன் இவ்வளவு முக்கியமாவது ஏன் என்பதைக் கணக்கில் காட்டுகிறேன். ஆழ்கடலில் அலையின் நீளம் மீற்றரில் எவ்வளவு என்று அறியச் செக்கனை வர்க்கித்து 1.56 ஆல் பெருக்க வேண்டும். 7 செக்கன் அலைக்கு நீளம் 76 மீற்றர். 14 செக்கன் அலைக்கு 306. அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் கடலடியை உணரத் தொடங்கும். முதலாவது 38 மீற்றர் ஆழத்துக்கு வந்தபின் உணரும், இரண்டாவது 150 மீற்றரிலேயே உணர்ந்துவிடும். உணர்ந்தால் வேகம் குறைந்து, நிமிர்ந்து, ஆழம் குறைந்த பக்கமாக வளையும். அறுகம்பே மெயின் பொயின்ற் ஒரு முனை. தெற்கிலிருந்து வரும் அலை அந்த முனையைச் சுற்றி வளைந்தால்தான் வலப்பக்கமாக நீண்டு உடையும். குறுஞ்செக்கன் அலை அவ்வளவு வளையாது, முனைக்கு வெளியாலேயே போய்விடும். உயரம் ஒன்றாக இருந்தாலும் 14 செக்கன் அலை சுமக்கும் சக்தி 7 செக்கன் அலையைப்போல் இரண்டு மடங்கு.

இனி அந்த 1.4 மீற்றருக்கு வருவோம். செயலி முகப்பில் காட்டுவது எல்லா அலைகளையும் சேர்த்த எண். அதைத் திறந்து உள்ளே பார்த்தால் தூர அலை தனி, காற்றலை தனி என்று பிரித்துக் காட்டும். தெற்கிலிருந்து ஒரு மீற்றர், உள்ளூர்க் காற்றால் ஒரு மீற்றர் என்று இருந்தால் மொத்தம் இரண்டு அல்ல, 1.4. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும் கணக்கு அது. (பத்தாம் வகுப்பில் "இது எங்கே உதவும், ரீச்சர்?" என்று கேட்ட அத்தனை பேருக்கும் பதில் இதோ.) அந்த 1.4 குழப்பக்கடல். தூர அலை மட்டும் தனியே 1.4, 14 செக்கன் என்றால் அன்றைக்குப் புதிதாகப் பழகுகிறவர்கள் மெயின் பொயின்ற் பக்கமே தலைகாட்டக்கூடாது. அங்கே அடியில் பாறையும் முருகைக்கல்லும். உள்ளே ஒதுங்கி, மணல் அடியுள்ள பேபி பொயின்றுக்குப் போகட்டும்.

இன்னொன்று: அந்த உயரம் சராசரி அல்ல, அதிகபட்சமும் அல்ல. அலைகளை உயர வரிசையில் அடுக்கி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்குக்குச் சராசரி எடுத்தது. அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அலை இடையிடையே வரும். எனவே தண்ணீரில் இறங்குமுன் இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பெரியவை கூட்டமாக வந்து போனபிறகுதான் கடல் தன் உண்மையான அளவைக் காட்டும். நம் பிள்ளைகளுக்கு அந்த இருபது நிமிடம் நிற்பதுதான் பெரிய தண்டனை.

திசையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வடக்கே இருந்து வருவது வாடை, தெற்கே இருந்து சோளகம், கிழக்கே இருந்து கொண்டல், மேற்கே இருந்து கச்சான். எங்கிருந்து வருகிறது என்பதை வைத்தே பெயர். முன்னறிவிப்பிலும் அதே வழக்கம்: 180 பாகை என்றால் தெற்கிலிருந்து வரும் அலை. படத்தில் அம்புக்குறி மட்டும் போகும் பக்கத்தைக் காட்டும், அதில் குழம்ப வேண்டாம். நீரோட்டத்துக்கு இது தலைகீழ். அதன் திசை என்று எழுதுவது அது போகும் பக்கத்தை. அறுகம்பேக்குத் தேவை தெற்கு, தென்தென்கிழக்கு அலை. நேர்கிழக்கு அலை என்றால் பஸ் செலவு மிச்சம்.

காற்றைப் பார்க்கும்போது நாள் முழுவதற்குமான எண்ணைப் பார்க்காதீர்கள். காலை ஆறு மணிப் பெட்டியைப் பாருங்கள். சோளகப் பருவத்தில் அங்கே விடியற்காலைக் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். அலையின் முகத்தைச் சீவி வழுவழுப்பாக வைத்திருக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் மணல் சூடேற, காற்றுக் கடலிலிருந்து திரும்பி அடிக்கும். அதன்பிறகு முகம் சுருங்கிய அலைதான். கடற்காற்று 10 நொட்டைத் தாண்டினால் நான் பலகையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவேன். நொட்டை 1.85 ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்குக் கிலோமீற்றர். சில வரைபடங்கள் கிறீன்விச் நேரத்தில் இருக்கும்; ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள், இல்லையென்றால் நண்பகல் காற்றை விடியற்காற்று என்று நம்பிப் போவீர்கள்.

செயலி சொல்வது சரிதானா என்று கரையிலேயே சோதிக்கலாம். கரைவலையின் மிதப்பு ஒன்றையோ, நங்கூரமிட்ட வள்ளத்தின் அணியத்தையோ கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அது உச்சிக்கு ஏறும்போது "சுழியம்" என்று தொடங்குங்கள். ஒன்று என்று அல்ல. மேலே ஏறியிருக்கும் சின்னச் சுருக்கங்களை எண்ணாதீர்கள், மிதப்பு முழுசாகத் தாழ்ந்து முழுசாக எழுவதை மட்டும் எண்ணுங்கள். பத்தாவது தடவை உச்சிக்கு வரும்போது நேரத்தை நிறுத்தி, பத்தால் வகுத்தால் செக்கன் வந்துவிடும். கடல் தட்டையாகத் தெரியும் இடைவெளியில் எண்ணத் தொடங்கினால் கணக்குப் பிசகும். அலைக்கூட்டம் வரும்வரை பொறுக்க வேண்டும். மணற்காட்டில் கொண்டல் அடிக்கும் நாளில் ஆறேழுதான் வரும். அறுகம்பே முனையில் நின்று எண்ணும்போது ஒரு முகட்டுக்கும் மற்றதுக்கும் இடையில் தேவாரத்தில் ஓர் அடி பாடி முடிக்கலாம்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையை வானொலியில் கேட்கிறவர்கள் கடற்பரப்பின் பெயரைக் கவனியுங்கள். காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் போகும் பரப்புக்கும், பொத்துவிலிலிருந்து அம்பாந்தோட்டை நோக்கிப் போகும் பரப்புக்கும் ஒரே நாளில் இரு வேறு முகங்கள் இருக்கும். அலை உயரம் 2.5 முதல் 3 மீற்றர் வரை எழலாம், இது நிலப்பகுதிக்கானதல்ல என்று ஒரு வரி வரும். கேட்டுவிட்டு அம்மாமார் பயந்து தொலைபேசி எடுப்பார்கள். அது வெளிக்கடலைப் பற்றியது. தண்ணீர் ஊருக்குள் வரும் என்று பொருள் அல்ல. ஆனால் கடலுக்குப் போகவேண்டாம் என்று திணைக்களம் எச்சரித்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான். மீன்பிடி வள்ளம் போகாத கடலில் பலகைக்கு என்ன வேலை?

பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்ரோபரில் முடியும். நல்ல காலம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. ஆகஸ்டில் அலையைவிட ஆட்கள் அதிகம். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரையும் இந்தக் காலத்தில்தான் பொத்துவிலைத் தாண்டி உகந்தை முருகனடிக்கு வரும். வாரக்கணக்காக நடந்து வந்தவர்கள் அங்கே கடலில் காலை நனைக்கும்போது, இரவு பஸ்ஸைக் குறைசொல்ல எனக்கு வாய் வருவதில்லை. உகந்தையிலும் அலை உண்டு. ஆனால் கோவிற்கரை என்பதை நினைத்து உடுப்பையும் நடப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்று தம்பி மனைவி கேட்டபோது, 2018 இலேயே அறுகம்பேயில் பெண்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கிவிட்டார்கள் என்றேன். பிறகு கேட்கவில்லை.

இனி நம் கரை. கார்த்திகை, மார்கழி, தையில் வாடை எழும்பும்போது வடமராட்சி கிழக்கில் அலை பெரிதாக வரும். காணொளியில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆறேழு செக்கன் காற்றலை, கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்று, கரையோ சரிவு. அலை சறுக்க இடம் தராமல் மணலிலேயே தலைகீழாகக் கொட்டும். கழுத்தை முறிக்கும் அலை அது. பக்கத்திலேயே திரும்பிப் போகும் தண்ணீர் ஒரு வாய்க்காலாகக் கடலுக்குள் இழுக்கும். அலை உடையாமல் மங்கலான நிறத்தில் அமைதியாகத் தெரியும் பட்டைதான் அந்த இழுவை. குளிக்க வந்தவர்கள் அமைதி என்று நம்பி இறங்குவது அதில்தான். அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தி மூச்சை விடாதீர்கள்; கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் திரும்புங்கள்.

அந்த மாதங்களில் செக்கன் கணக்கு வேறொன்றையும் சொல்லும். ஆறேழு காட்ட வேண்டிய கிழக்குக் கரையில், காற்றே இல்லாத நாளில் பத்து, பதினொன்று என்று ஏறினால் வங்காள விரிகுடாவில் எங்கோ ஒரு புயல் உருவாகியிருக்கிறது. அலை புயலை முந்திக்கொண்டு வரும். 2020 டிசெம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்ததைப்போல, அது நம் பக்கம் திரும்ப அதிக நேரம் வேண்டாம். அப்படியான எண்ணைக் கண்டால் கரைவலை வாடிக்குப் போய் சம்மாட்டியார் வள்ளத்தை எங்கே கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். வழக்கமான இடத்தைவிட மேலே, தாழைப் பற்றை வரை இழுத்துக் கட்டியிருந்தால் சைக்கிளைத் திருப்புங்கள்.