வேலூரில் பழைய மாணவர் சந்திப்பு: தேதியும் இடமும் முடிவான விதம்

"எப்போ வசதி?" என்று பொதுவாகக் கேட்டதுதான் தப்பு, ஆளுக்கொரு தேதி வந்தது. இரண்டே ஞாயிறுகளைக் கொடுத்து வாக்கு கேட்டதும் மூன்று நாளில் முடிந்தது. மே மாதம் வேண்டாம், வேலூர் வெயில் தெரிந்ததுதானே! மார்கழியில் முகூர்த்தம் இல்லை; மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம்.

சிலர் ஏலகிரி கேட்டார்கள். 14 கொண்டை ஊசி வளைவு, குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள். ரயிலில் வருகிறவர்கள் இறங்குவது காட்பாடி ஜங்ஷன் என்பதால் மண்டபத்தையும் அந்தப் பக்கமே பிடித்தோம். ராத்தங்கலுக்கு சிஎம்சி மருத்துவமனை சுற்றுவட்ட லாட்ஜை நம்பக்கூடாது; சிகிச்சைக்கு வந்தவர்களே நிறைந்திருப்பார்கள். சாப்பாட்டுக் கணக்கில், "வர்றேன்" என்றவர் தலை இல்லை. 500 ரூபாய் முன்பணம் கட்டியவர்தான் தலை.