விதை காக்கும் ஊர்: மட்டக்களப்புப் படுவான்கரைக் கமக்காரருக்கான வழிமுறை

நெல், பயறு, கௌபி, கச்சான் ஆகியவை பெரும்பாலும் தம் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பவை என்பதால், அவற்றின் வித்தை ஒரு வீடு தனித்துக் காக்க முடியும். பூசணி, கெக்கரி, பாகல், சோளம் அப்படியல்ல. அயல் வளவுப் பூசணியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால் இவ்வருடக் காயில் எந்த மாற்றமும் தெரியாது. அதன் வித்தை நட்டு, அடுத்த வருடம் காய்க்கும்போதுதான் இனம் குழம்பியது தெரியவரும். எனவே விதைக் களஞ்சியம் கட்டுவதற்கு முன்பே, எந்த வளவில் எந்த இனம் என்று ஊரார் கூடிப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கிய கலப்பின வித்தை இதில் சேர்க்க வேண்டாம். அதன் அடுத்த தலைமுறை தாயைப் போல் வராது.

சோளத்தின் மகரந்தம் காற்றில் பரவுவதால், இரு இனங்களுக்கிடையே 200 மீற்றராவது இடைவெளி வேண்டும். சேனைகள் அடுத்தடுத்து இருந்தால், ஒருவர் விதைத்து நான்கு வாரம் கழித்து மற்றவர் விதைக்கலாம்.

பூசணிக்கு இடைவெளி கிடைக்காவிட்டால் கையால் மகரந்தம் சேர்க்கலாம். மறுநாள் விரியப்போகும், நுனி மஞ்சளாகிய பெண்மொட்டையும் ஆண்மொட்டுகளையும் மாலையிலேயே நூலால் கட்டிவிட வேண்டும். பெண்மொட்டின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். விடிந்ததும் கட்டவிழ்த்து, ஆண்பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, அதன் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் தடவி, உடனே பெண்பூவை மீண்டும் கட்ட வேண்டும். காம்பில் ஒரு துணித்துண்டை முடிந்துவிட்டால், அந்தக் காய் தவறிக் கறிக்குப் போகாது. காம்பு காய்ந்த பின் பறித்து, மூன்று வாரம் வைத்திருந்து வித்தெடுங்கள்.

விதைநெல்லை வயலின் நடுப்பகுதியிலிருந்து, வேற்றினக் கதிர்களைப் பிடுங்கியெறிந்த பின், தாக்கத்தியால் தனியே அறுப்பதே நல்லது. அறுவடை இயந்திரத்துக்குள் முந்தைய வயலின் நெல் தங்கியிருக்கும். கலப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தார் வீதியில் நெல் காயவைப்பது நம் பகுதி வழக்கமென்றாலும், அந்தச் சூடு விதைநெல்லின் முளைப்பைக் கெடுக்கும். பாயில் மெல்லிதாகப் பரப்பி, உச்சி வெயிலைத் தவிர்த்து, ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் குறையும்வரை காயவைக்க வேண்டும். நன்கு காய்ந்த மணியைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் முறியும். மரக்கறி வித்துகளை நிழலில் உலர்த்தி, உலர்ந்த சாம்பலுடன் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வைக்கலாம்.

சேமித்த வித்து முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருப்பது ஆபத்து. 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 ஆழிப்பேரலையையும், 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. ஒவ்வோர் இனமும் குறைந்தது மூன்று வீடுகளில், அவற்றில் ஒன்றாவது வெள்ளம் ஏறாத மேட்டில் இருக்கட்டும். இனம், எடுத்த வயல், போகம், வைத்திருப்பவர் ஆகிய விபரங்களை ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். ஒரு சுண்டு வித்து வாங்கியவர் அறுவடையின் பின் இரண்டு சுண்டு திருப்பித் தருவது நியாயமான கணக்கு. பயிர் வெள்ளத்தில் அழிந்தவரிடம் அக்கடனைக் கேட்கக் கூடாது என்பது என் கருத்து.

பெரும்போக விதைப்புக்கு ஒரு மாதம் முன்னர், ஒவ்வொரு வீட்டு விதைநெல்லிலும் 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு வாரத்தில் முளைத்தவற்றை எண்ணுங்கள். 80க்குக் குறைந்தால் விதைக்கும் அளவைக் கூட்ட வேண்டும். பாதியும் முளைக்காவிட்டால், கொப்பியைப் பார்த்து அதே இனம் உள்ள அடுத்த வீட்டில் கேட்டு வாங்க இன்னும் நாள் இருக்கும்.