எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து தொகுதி மக்களுக்குத் தகவல் அனுப்புவது எப்படி? வாட்ஸ்அப் வழிச் செய்முறை

ஒரு தொகுதி அலுவலகத்தில் தகவல் அனுப்பும் வேலையை நான் பார்க்கிறேன். "நீங்க எப்படிப் பண்றீங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்று பக்கத்துத் தொகுதி ஆட்கள் கேட்கும்போதெல்லாம் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதியே போட்டுவிடுகிறேன். எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வுக்கும் இது பொருந்தும். வாட்ஸ்அப்பும் கூகுள் ஷீட்டும் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். பெரும்பாலான எம்.எல்.ஏ. பக்கங்களைத் திறந்தால் முடிந்துபோன நிகழ்ச்சிகளின் போட்டோதான் கிடக்கும். கண் சிகிச்சை முகாமில் குத்துவிளக்கு ஏற்றிய படம் சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறது. முகாம் மதியமே முடிந்துவிட்டது. கண்புரையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு முகாம் எங்கே, எப்போது, என்ன அட்டை கொண்டுவர வேண்டும் என்பது இரண்டு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டு நாள் முன்னாடி வேலையைப் பற்றித்தான். பொன்னாடை போட்டோவுக்கு ஃபேஸ்புக் இருக்கிறது, அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: தனி எண்

புது சிம் வாங்குங்கள். எம்.எல்.ஏ. பெயரிலேயே வாங்குங்கள். உதவியாளர் பெயரில் வாங்கினால், அவர் வேலையை விட்டுப் போகிற அன்று எண்ணும் அவரோடு போய்விடும். வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், இரட்டைச் சரிபார்ப்புக்கான பின் நம்பரைப் போட்டு அலுவலக நோட்டில் எழுதிவையுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

படி 2: குரூப்பா, பிராட்காஸ்டா, சேனலா?

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் சுமார் 6.28 கோடி வாக்காளர்கள், 234 தொகுதிகள். தொகுதிக்குச் சராசரி 2.68 லட்சம் பேர். வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். முழுத் தொகுதிக்கும் பிராட்காஸ்ட் என்றால் ஆயிரத்துச் சொச்சம் பட்டியல் வேண்டும்.

சரி, முக்கியமான ஆயிரம் பேருக்கு மட்டும் பிராட்காஸ்ட் போடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருப்பது போதாது. உங்கள் பக்கம் செய்தி அனுப்பியதாகவே காட்டும், எச்சரிக்கை எதுவும் வராது. "நமக்கு எதுவுமே வரலையே தம்பி" என்று ஊர்ப்பக்கம் போகும்போது யாராவது சொன்னால்தான் தெரியும். செய்தியின் மேல் அழுத்திப் பிடித்து 'விவரம்' பாருங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அங்கே தெரியும். வழக்கமாகச் செய்தி வாங்குகிறவர்கள் பெயர் அதில் நாள்கணக்கில் இல்லையென்றால் காரணம் இதுதான்.

குரூப் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எல்லாருடைய போன் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பலர் அதற்காகவே வெளியேறிவிடுவார்கள். அதைவிட மோசம், "சார், முதியோர் பென்ஷன் வரலை" என்று சொல்லி ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் படம் பிடித்து ஆயிரம் பேர் முன்னால் போட்டுவிடுவார்கள். அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைத்தால் இது நிற்கும், எண் தெரிவது நிற்காது.

ஆகவே சேனல், அதாவது நாம் பதிவிட மற்றவர்கள் பின்தொடர்ந்து படிக்கும் வாட்ஸ்அப் பக்கம். 2023 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் இருக்கிறது. எத்தனை பேர் வேண்டுமானாலும் பின்தொடரலாம், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. தொகுதி பெயரை முதலில் போட்டு, 'தகவல்' என்ற சொல்லோடு பெயர் வையுங்கள். எம்.எல்.ஏ. பெயரை விளக்கத்தில் போட்டால் போதும். இன்னொரு நம்பகமான ஆளையும் அட்மினாகச் சேர்த்துவிடுங்கள்.

சேனலிலும் ஒரு பொறி உண்டு. புதிதாகப் பின்தொடருகிறவருக்கு அறிவிப்பு ஒலி தானாக வராது, மௌனமாகத்தான் இருக்கும். சேனலைத் திறந்து மேலே இருக்கும் மணி படத்தைத் தொட வேண்டும். சாட் பட்டியலில் வராமல் 'அப்டேட்ஸ்' பக்கத்தில் போய் உட்காருவதால் வயதானவர்கள் கண்ணில் படவே படாது. அதனால் க்யூஆர் கோடு அச்சடிக்கும் தாளிலேயே "ஸ்கேன் செய்யுங்கள், ஃபாலோ கொடுங்கள், மணியைத் தொடுங்கள்" என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். ரேஷன் கடை, பால் சொசைட்டி, இ-சேவை மையம், டீக்கடை ஆகிய இடங்களில் ஒட்டுங்கள்.

படி 3: ஊருக்கு ஓர் ஆள்

சேனல் மட்டும் போதாது. ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே குரூப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்: கோயில் திருவிழாக் குரூப், பள்ளிப் பெற்றோர் குரூப், மகளிர் சுயஉதவிக் குழுவினர் குரூப். அதில் இருக்கும் ஒருவர் உங்கள் பதிவை அங்கே ஃபார்வர்டு செய்தால் சேனல் பெயரும் கூடவே போகும். கட்சிக்காரர்களை மட்டும் நம்பாதீர்கள். குழுத் தலைவி, மருந்துக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு ஆள் என்று கலந்து பிடியுங்கள். என் அனுபவத்தில் சுயஉதவிக் குழு அக்காக்கள்தான் வேகம்.

இவர்களுக்கு மட்டும் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொள்ளலாம். எண்ணை நேரில் அவர்கள் போனில் சேமிக்க வைத்துவிட்டு வாருங்கள்.

படி 4: நாட்காட்டி

கூகுள் ஷீட்டில் ஆண்டு முழுவதற்கும் ஒரு பட்டியல். தேதி தெரிந்தவற்றை முதலிலேயே நிரப்பிவிடுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி, அதாவது ஆண்டுக்கு ஒரு தடவை கிராம வருவாய்க் கணக்கைச் சரிபார்த்து மனு வாங்கும் நிகழ்ச்சி. வருவாய்த் தீர்வாயம் என்று அறிவிப்பில் இருக்கும், மக்களுக்கு ஜமாபந்தி என்றால்தான் புரியும், இரண்டையும் எழுதுங்கள். எந்தக் கிராமத்துக்கு எந்த நாள் என்று அட்டவணை வரும். முழு அட்டவணையைப் போடாமல் ஃபிர்க்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரியாகப் பிரித்துப் போடுங்கள். வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேர 18 வயது நிறைவுக்கான தகுதி நாள் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. கல்லூரி சேரும் பிள்ளைகளுக்குப் படிவம் 6 பற்றிச் சொல்ல இந்த நான்கு நாட்களும் நல்ல சாக்கு.

ஆனால் ஆள் சேர வேண்டும் என்றால் மின்தடை அறிவிப்பில் ஆரம்பியுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்த நாள் கரண்டு போகும் என்பதற்கு இருக்கும் வாசகர் கூட்டம் எந்தத் திட்டத்துக்கும் கிடையாது. மின்வாரிய அறிவிப்பில் துணைமின் நிலையம் பெயரும் நாலைந்து ஊரும் போட்டு "மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்" என்று முடித்திருப்பார்கள். அந்தச் 'சுற்றியுள்ள பகுதிகள்' எவை என்று உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் ஒரே ஒரு தடவை கேட்டு ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். பிறகு துணைமின் நிலையம் பெயரைப் பார்த்ததும் ஊர்ப்பட்டியல் தயாராக இருக்கும்.

படி 5: எழுத்துருச் சண்டை

துறைகளிலிருந்து வரும் அறிவிப்புகள் பல இன்னும் பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. ஒருங்குறிதான் (யூனிகோடு) என்று அரசு 2010-லேயே ஆணை போட்டுவிட்டது. டைப் செய்யும் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி வந்தால் அது பாமினி எழுத்துரு. இல்லையென்றால் வானவில் எழுத்துருவாக இருக்கலாம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள், எழுத்தைப் பிரித்துக் கொடுத்துவிடும். தேதி, தொகை, போன் எண் மூன்றையும் மட்டும் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள்.

அறிவிப்பை அப்படியே படமாகப் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். ஏ4 தாளை ஐந்து அங்குலத் திரையில் யார் படிப்பார்கள்? எழுத்தாகப் போட்டால் பெரிதாக்கிப் படிக்கலாம், தேடினால் கிடைக்கும், பார்வையற்றவருக்குப் போன் வாசித்துக் காட்டும். கேன்வா (படம் வடிவமைக்கும் செயலி) அலங்காரமும் இதே காரணத்தால் எனக்கு ஆகாது.

படி 6: எழுதும் வரிசை

ஊர் முதலில், பிறகு தேதி, பிறகு விஷயம், பிறகு கொண்டுவர வேண்டியவை, கடைசியில் யாரைக் கேட்பது. இப்படி (இருபுறமும் * போட்டால் வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்தாகத் தெரியும்):

"*மேலத்தெரு, காலனி, பள்ளிக்கூடத் தெரு*
*ஜூலை 16, வியாழன்*, காலை 10 முதல் 3 வரை
சமுதாயக் கூடத்தில் மருத்துவக் காப்பீட்டு அட்டைப் பதிவு.
கொண்டுவர: ரேஷன் கார்டு, குடும்பத்தினர் ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்று.
குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும்.
கட்டணம் இல்லை.
கேட்க: (பெயர், போன் எண்)"

'நாளை', 'இன்று' என்று எழுதவே எழுதாதீர்கள். "நாளை மின்தடை" என்ற பதிவு குரூப் குரூப்பாக மூன்று வாரம் சுற்றும். ஒவ்வொரு காலையும் யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருப்பார்.

"கட்டணம் இல்லை" என்ற வரி தேவையில்லாததுபோல் தெரியும். போடுங்கள். இடைத்தரகர் கையில் இருநூறு ரூபாய் போகாமல் தடுப்பது அந்த ஒரு வரிதான்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு இதே வரிசையில் முப்பது, நாற்பது நொடி வாய்ஸ் பதிவு. எம்.எல்.ஏ. குரல் வேண்டாம், அவர் ஆரம்பித்தால் வணக்கத்துக்கே நாற்பது நொடி போய்விடும்.

படி 7: யார் வேலை என்பதையும் சொல்லுங்கள்

தெருவிளக்கு எரியவில்லை என்பதற்கும் எம்.எல்.ஏ. ஆபீஸுக்குத்தான் போன் வரும். வாங்கித் திருப்பி அனுப்புவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். மாதம் ஒரு தடவை இந்தப் பட்டியலைப் போடுங்கள். தெருவிளக்கு, குப்பை, தெருக்குழாய் எல்லாம் ஊராட்சி அல்லது நகராட்சி. மின்கம்பம், கம்பி அறுந்தது என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987. ரேஷன் புகார் 1967. தேசிய நெடுஞ்சாலை விபத்து, பழுது 1033. பெண்கள் உதவி 181, குழந்தைகள் 1098, முதியோர் 14567. ஓ.டி.பி. சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே 1930. இதை மட்டும் தனிப் பதிவாகவும் போடுங்கள். எந்தத் துறை என்றே தெரியாவிட்டால் 1100.

படி 8: தொகுதி நிதி

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. எந்த ஊரில் என்ன வேலை, எவ்வளவு தொகை என்று போட்டால் மரியாதை தானாக வரும். ஆனால் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சேர்த்துப் போடாவிட்டால் திட்டுத்தான். எம்.எல்.ஏ. பரிந்துரைத்த பிறகு கலெக்டரின் நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று வரிசை இருக்கிறது. "நிழற்குடை அமைக்கப்படுகிறது" என்று பரிந்துரைக் கட்டத்திலேயே எழுதினால் அடுத்த வாரம் ஜல்லி எங்கே என்று கேட்பார்கள். "பரிந்துரைக்கப்பட்டது, அனுமதிக்குக் காத்திருக்கிறது" என்றே எழுதுங்கள். எம்.எல்.ஏ.வுக்கு அது பிடிக்காது. ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 1: மனு கொடுத்துப் பலன் பெற்றவர்களின் படத்தைப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போடாதீர்கள். "இன்னார்க்கு விதவை உதவித்தொகை" என்று ஊரறியச் சொல்வதை அந்தப் பெண் விரும்பினாரா என்று யாரும் கேட்பதில்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. "இந்த மாதம் உதவித்தொகை மனுக்கள் இத்தனை வந்தன, இத்தனை முடிந்தன" போதும்.

பின்சேர்க்கை 2: மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் ஒவ்வொரு செய்தி வடிவத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு சின்ன அலுவலகத்துக்கு அந்தப் பாடு வேண்டாம்.

பின்சேர்க்கை 3: தேர்தல் நேரத்தில் என்ன செய்வது? ஆணையம் தேதி அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலாகிவிடும். தொகுதி நிதிப் பட்டியல், புதுத் திட்டம் எதையும் போடாதீர்கள். தொகுதி அலுவலகக் கட்டடத்தையே பூட்டிவிடுவார்கள். அதற்கு முன்பே போனை, சார்ஜரை, கடவுச்சொல் நோட்டை எடுத்து வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.