மேஸ்திரி கூட்டிவந்த ஆளும் உங்கள் ஆள்தான்

மதுரையைச் சுற்றிக் கட்டட வேலை எடுத்துச் செய்பவர்களிடம் ஒரு குழப்பம் உண்டு: "பிளான் அப்ரூவல் வாங்கும்போதே நலவாரியப் பணம் கட்டியாச்சே, இனி என்ன?" கட்டடச் செலவில் 1% என்று கட்டும் அந்தத் தொகை, கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய நிதிக்குப் போவது. சைட்டைப் பதிவு செய்வது தனி வேலை, ஆட்களுக்கு விபத்து இன்சூரன்ஸ் வேறு. ஒன்று இருந்தால் மற்றொன்று இருப்பதாக ஆகாது.

10 பேர் வேலை செய்தாலே 60 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை அடைப்பு) ஆட்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணுங்கள். மேஸ்திரி அழைத்துவந்தவர்களை விட்டுவிட்டு "எங்க ஆள் நாலு பேருதான்" என்றால் செல்லாது. இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் அதே தலைக்கணக்கைக் கொடுங்கள். வருகைப் பதிவேட்டை வேலை தொடங்கும் முன் எழுதுங்கள். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது எழுதினால், காலையில் விழுந்தவர் பெயர் அதில் இருக்காது.

திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினால் கவனம் வேண்டும். வெயிலில் பாறை மாதிரி நிற்கும் சுவர், ஐப்பசி மழையில் ஊறியதும் சரியும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பலகை, முட்டு கொடுங்கள், அல்லது சரிவாக வெட்டுங்கள். அள்ளிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதுதான் வழக்கமான தப்பு, 1.5 மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். ஏணி, மேலே ஏறி இறங்கும் விளிம்புக்கு மேல் 1 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தற்காலிக கரண்ட் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் போடுங்கள்.

யாரும் பெரிதாக நினைக்காத ஆபத்து, புதுத் தண்ணீர்த் தொட்டியில் சென்ட்ரிங் பிரிப்பது. கான்கிரீட் போட்டு மூடிய தொட்டிக்குள் ஈரப் பலகையும் பூஞ்சையும் பல நாளாக ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டிருக்கும். வாடை இருக்காது, புழுக்கம்கூடத் தெரியாது. இறங்கியவர் சுருண்டு விழுவார். தூக்கப்போன இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார்.

தொட்டி கட்டும்போதே எதிரெதிர் மூலையில் இரண்டு வாய் விடுங்கள். பிரிப்பதற்கு முந்தின நாளே இரண்டையும் திறந்து வையுங்கள். புளோயர் குழாயை அடிமட்டம் வரை இறக்கி அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஆள் உள்ளே இருக்கும்வரை நிறுத்தாதீர்கள். ஆக்ஸிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் பாருங்கள், 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் யாரும் இறங்கக் கூடாது. மெழுகுவத்தி ஏற்றி இறக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், எரியும் வாயு இருந்தால் அதுவே வெடிக்கும். இறங்குபவர் உடம்பில் பெல்ட், கயிறு; மேலே அதைப் பிடித்தபடி ஒருவர். உள்ளே இருப்பவர் பதில் சொல்லாவிட்டால் கயிற்றை இழுக்க வேண்டும், குதிக்கக் கூடாது.

விபத்து நடந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள், காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். கவனக்குறைவால் உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டுக்குச் சட்டத்தில் கணக்கு இருக்கிறது: மாதக் கூலியில் பாதி, பெருக்கல் வயதுக்கான எண். 30 வயதுக்கு அந்த எண் 207.98. கூலி 15,000 என்று வைத்தால் 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். மேஸ்திரியின் ஆளாக இருந்தாலும் முதலில் கொடுக்க வேண்டியவர் காண்ட்ராக்டர். பிறகு மேஸ்திரியிடம் வசூலிக்கலாம். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கிய தாளுக்கு மதிப்பில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்துக் குடும்பத்தின் கையில் கொடுத்த பணமும் இழப்பீட்டில் கழியாது. குடும்பத்துக்குக் கொடுத்த, மூன்று மாதக் கூலி வரையிலான முன்பணம் மட்டும் கழியும். மரண இழப்பீட்டை அதற்கான தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் 12% வட்டி சேரும். காரணமில்லாத தாமதம் என்றால் தொகையில் பாதி வரை அபராதமும் விழும்.